கரி வாங்கப் போனவன்

கூகுள் மேப்ல "கரிக்கடை"ன்னு அடிச்சுப் பாருங்க, வர்றது பூரா மட்டன் ஸ்டாலா இருக்கும். சின்ன ர, பெரிய ற வித்தியாசம் பேசும்போது நம்ம காதுலயே விழறதில்ல, பாவம் மேப் என்ன பண்ணும். அதுல கெடைச்ச ஒரு நம்பருக்கு போன் போட்டு "அண்ணே, கரி கிலோ என்ன விலை"ன்னு கேட்டேன். "ஆடா கோழியா தம்பி"ன்னாரு. "இல்லண்ணே, எரிக்கிற கரி"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "இஸ்திரி போடறவங்களக் கேளுப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. கடுப்புல சொன்னாரோ என்னமோ, எனக்குக் கெடைச்சதுலயே உருப்படியான வழி அதுதான்னு தெரிய ரெண்டு மாசம் ஆச்சு.

எதுக்குக் கரின்னா, உலை போடறேன். சோத்து உலை இல்ல, கொல்லன் உலை. எங்க தாத்தா உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல கொல்லரா இருந்தவரு. ஏர்க்கொழு, களைக்கொத்து, அருவா, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா எல்லாம் அவரு பட்டறையில இருந்துதான் அந்தச் சுத்துவட்டாரத்துக்கே போச்சு. எங்கப்பா அந்தப் புகையில இருந்து தப்பிச்சு மெட்ராஸ் வந்து பாடியில ஒரு ஃபேக்டரியில ஃபிட்டரா சேர்ந்துட்டாரு, நான் அதுல இருந்தும் தப்பிச்சு ஏசி ரூம்ல கீபோர்டு தட்டப் போயிட்டேன், கடைசியில 43 வயசுல சுத்தி வந்து அதே புகையில நிக்கறேன். ஜிம்முக்குப் போயிருந்தா செலவு கம்மியா இருந்திருக்கும்னு வீட்ல சொல்றாங்க, மறுத்துப் பேச முடியல.

இடம் திருநின்றவூர். அப்பா எப்பவோ வாங்கிப் போட்ட முக்கால் கிரவுண்டு, முன்னாடி சின்ன வீடு, பின்னாடி கிணத்துக்குப் பக்கத்துல 10க்கு 12 அடி சும்மா கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் இன்னும் வீடு வராத காலி மனை, அதனாலதான் தைரியம் வந்துச்சு. ஃப்ளாட்ல இருக்கறவங்க இதைப் படிச்சிட்டு மொட்டை மாடியில ஆரம்பிச்சிடாதீங்க, அசோசியேஷன் செகரெட்டரிக்கு முன்னாடி ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து நிக்கும்.

ஆறு மாசம் வீடியோ வீடியோவா பாத்தேன். பாக்கறது எல்லாமே பட்டடை பத்திதான், அதாவது பழுத்த இரும்ப மேல வச்சு அடிக்கிற கனமான இரும்புக்கட்டை. எந்த எடை, எந்தக் கம்பெனி, சுத்தியலப் போட்டா எவ்ளோ உயரம் எகிறுது, இதே பேச்சு. நானும் மாஞ்சு மாஞ்சு புதுப்பேட்டையில அலைஞ்சு, லாரி ஸ்பேர் பார்ட்ஸ் குவியலுக்கு நடுவுல இருந்து ஒரு பழைய பட்டடைய 62 கிலோ எடை போட்டு வாங்கிட்டு வந்தேன். தண்டவாளத் துண்டு சீப்பா வருதுன்னு ஒருத்தர் காதுல ஓதினாரு. தொடல. பில் இல்லாத தண்டவாளம் கையில இருந்தா அதுக்குன்னே 1966ல போட்ட ரயில்வே சொத்துச் சட்டம் இருக்கு, ஜெயில் வரைக்கும் இழுக்கும், ஏலத்துல எடுத்த ரசீது இருந்தா மட்டும் பேசுங்க. பட்டடைக்குக் கீழ வைக்க புளியமரக் கட்டை வேணும்னு தேடினப்ப அது எங்க கெடைச்சுதுன்னா, கறிக்கடைக்கு வெட்டுக்கட்டை சப்ளை பண்றவருகிட்ட. ஆக மேப் சொன்னதும் ஒரு வகையில சரிதான்.

பட்டடை, ரெண்டு குறடு, சுத்தியல், சம்மட்டின்னு எல்லாம் சேர்ந்ததும் ஊர்ல இருந்து பெரியப்பாவக் கூட்டிட்டு வந்தேன். 78 வயசு, தாத்தாவுக்கு அப்புறம் பட்டறைய நடத்தி, பத்து வருசம் முன்னாடி மூடினவரு. டிராக்டர் வந்ததுக்கப்புறம் ஏர்க்கொழு யாருக்கு வேணும். பட்டடையப் பெருமையா காட்டினேன். ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு, "இது கெடக்கட்டும்டா. வெறும் கருங்கல்லு இருந்தாலும் அடிச்சிடலாம். கரிக்கு என்ன ஏற்பாடு?"ன்னாரு. "வாங்கிக்கலாம் பெரியப்பா"ன்னேன். "எங்க?"ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. லட்ச ரூபாக்கு வண்டி வாங்கிட்டு பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம்னே தெரியாதவன் மாதிரி முழிச்சேன்.

அன்னைக்கு எங்களுக்குள்ள முதல் சண்டை, உக்காந்து அடிக்கிறதா நின்னு அடிக்கிறதான்னு. நம்ம ஊர் உலை தரையோட தரையா இருக்கும், கொல்லர் குத்துக்கால் போட்டு உக்காந்து குறடுல இரும்பப் புடிச்சிருப்பாரு, சம்மட்டி போடறவரு மட்டும் எதிர்ல நிப்பாரு. எனக்கு நாற்காலியில 20 வருசமா உக்காந்தே இடுப்பு போயிடுச்சு, தரையில உக்காந்தா எழுப்ப ஆள் வேணும். இடுப்பு உயரத்துக்கு செங்கல் மேடை கட்டப்போறேன்னு சொன்னதுக்கு "நீயே புடிச்சி நீயே அடிப்பியா, சம்மட்டிக்கு ஆள் வச்சிக்க மாட்டியா"ன்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு சம்மட்டி போட யாரு வருவா? அதுல நான் ஜெயிச்சேன். மத்த எல்லாத்துலயும் அவருதான் ஜெயிச்சாரு, அதையும் சொல்லிடறேன்.

நான் மனசுல வச்சிருந்தது நல்லா வெளிச்சமா, காத்தோட்டமா, இன்ஸ்டாகிராம்ல போடற மாதிரி ஒரு ஷெட். பெரியப்பா கெழக்கையும் மேக்கையும் மறைக்கச் சொன்னாரு. எந்தக் கொல்லுப்பட்டறைக்குள்ள போனாலும் இருட்டாத்தான் இருக்கும், அழுக்குல அப்படி இருக்குன்னுதான் நான் இவ்ளோ நாளா நெனச்சேன். இரும்பு எவ்ளோ சூடுங்கறது நெறத்துலதான் தெரியும், வெயில்ல அந்த நெறம் தெரியாது, ஆரஞ்சா கொதிக்கறது கூட மங்கலா சிவப்பாத் தெரியும், இன்னும் காயட்டும்னு விட்டா எரிஞ்சே போயிடும். அதுக்குத்தான் அந்த இருட்டு. அதுவும் போக சென்னையில கோடைக்காலத்துல காலையில மேக்கால இருந்து அனல் காத்து அடிக்கும், சாயங்காலம் கெழக்கால இருந்து கடக்காத்து வந்துடும், ரெண்டும் நெருப்ப அது இஷ்டத்துக்கு ஊதிவிட்டுடும். வடக்கு மட்டும் தொறந்து விட்டோம். மேல தகர ஷீட்டு. தரைக்கு சிமெண்ட் போடலாம்னு கொத்தனார் சொன்னாரு, வேணாம்னுட்டோம். பழுத்த இரும்பு சிமெண்ட் மேல விழுந்தா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி சில்லு தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. வெறும் செம்மண்ணு போட்டு இடிச்சு விட்டதோட சரி. உலையில இருந்து பட்டடைக்கு ஒரே ஒரு எட்டு, திரும்பினா அடி. மூணு எட்டு வச்சா அதுக்குள்ளயே சூடு இறங்கிடும், மெல்லிசான கத்தின்னா சொல்லவே வேணாம்.

அடுத்து நான் பண்ண பெரிய முட்டாள்தனம். காத்து வர்றதுக்கு உலையோட பக்கவாட்டுல ஒரு இஞ்ச் பைப் சொருகணும், துருத்தி மூக்கு மாதிரி. வீட்டு பிளம்பிங் வேலையில மிஞ்சின ஜிஐ பைப் கெடந்துச்சு, அதையே சொருகிட்டேன். ஜிஐன்னா மேல துத்தநாகம் பூசினது. துத்தநாகம் 420 டிகிரிக்கு உருகும், 907 டிகிரிக்கு கொதிச்சு ஆவியாயிடும், உலை அதையெல்லாம் சர்வசாதாரணமா தாண்டும். பைப் முனையில இருந்து பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை வந்துச்சு, நல்லாத்தான் எரியுதுன்னு நெனச்சு கிட்டவே நின்னுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு ராத்திரி வாயெல்லாம் இனிப்பும் காசு சப்பின மாதிரியும் ஒரு ருசி, அப்புறம் குளிர் காய்ச்சல், ரெண்டு போர்வை போத்தியும் பல்லு தந்தியடிக்குது. டெங்குவா இருக்கும்னு வீட்ல பயந்துட்டாங்க. மறுநாள் சாயங்காலமே சொல்லாம கொள்ளாம போயிடுச்சு. வெல்டிங் பண்றவங்களுக்கு இது பழகின விஷயம், துத்தநாகப் புகை காய்ச்சல். லேசா போனா ஒரு நாள்ல போகும், நிறைய இழுத்தா நுரையீரல காலி பண்ணிடும். ஜிஐ பைப்போ, முலாம் பூசின தட்டோ, போல்ட்டோ எதுவும் உலைக்குள்ள போகக்கூடாது. பூச்சில்லாம கறுப்பா இருக்கற எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பைப் வாங்குங்க, அவ்ளோதான்.

பைப் மாத்தி, களிமண்ணும் மணலும் சாம்பலும் பெசஞ்சு குழிக்கு உள்பக்கம் பூசி, ஒரு வாரம் நெழல்ல காயவிட்டு முதல் நெருப்பு போட்டேன். ஈரத்தோட பத்தவச்சா வெடிக்கும்னு பெரியப்பா மெரட்டினதால நான் பொறுமையா இருந்த ஒரே விஷயம் அதுதான். துருத்திக்கு பதிலா பொண்ணோட பழைய ஹேர் ட்ரையர். குழிக்குள்ள ரெண்டு இஞ்ச் ஒசரத்துக்கு கரியப் பரப்பி, மேல கம்பிய வச்சு, ட்ரையர ஃபுல் ஸ்பீடுல விட்டேன். தீபாவளி புஸ்வாணம் மாதிரி பொறி பறக்குது, செம சீன். ஆனா கம்பி சிவப்புக்கு மேல ஏறவே இல்ல. மேல பூரா செதில் செதிலா உரியுது. ஒரு மணி நேரத்துல அரை மூட்டை கரி சாம்பல். நல்லா பல்பு வாங்கினேன்.

போன்ல பெரியப்பாகிட்ட சொன்னேன், சிரிச்சாரு. "காத்து இரும்பத் தொடக்கூடாதுடா. நெருப்புதான் தொடணும்"னாரு. இதுல ஒரு கெமிஸ்ட்ரி பாடமே இருக்கு, அவரு மூணாங்கிளாஸ் தாண்டல. பைப் மூக்குல இருந்து வர்ற காத்துல ஆக்சிஜன் நிறைய இருக்கும், முதல் ரெண்டு மூணு இஞ்சுக்குள்ள அது கரியோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா மாறும், அங்கதான் சூடு உச்சம். அதுக்கும் மேல இன்னும் பழுத்த கரி இருந்தா அந்த டை ஆக்சைடே மறுபடி கரியோட சேர்ந்து கார்பன் மோனாக்சைடா ஆகும். அந்த எடத்துல இரும்பக் கருக்க மிச்ச ஆக்சிஜன் இல்ல, அதனால செதில் ரொம்பக் கம்மி. நான் வச்ச ரெண்டு இஞ்ச்ல ஆக்சிஜன் அப்படியே வந்து கம்பியத்தான் தின்னுருக்கு. கரியையும் தின்னுருக்கு, ரெண்டும் நஷ்டம். இப்ப மூக்குக்கு மேல நாலு அஞ்சு இஞ்ச் கரி, அதுல இரும்ப வச்சு, மேல இன்னும் ரெண்டு இஞ்ச் மூடறேன். காத்து பாதிக்கும் கம்மி. பொறியே பறக்கல, பாக்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு, உள்ள பாத்தா கம்பி மஞ்சளா பழுத்து ஒக்காந்திருக்கு.

மோனாக்சைடுன்னு சொன்னேன்ல, அதுக்கு வாசனையும் கெடையாது, கண்ணுக்கும் தெரியாது. மழைக்கு பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிட்டு உலை போடாதீங்க. தலைவலிக்குதேன்னு தோணினா டீ குடிக்கப் போக வேணாம், வெளிய போங்க.

இப்ப கரிக்கு வர்றேன், நான் உண்மையில எழுத வந்தது இதைத்தான். அந்த மட்டன் கடை அண்ணன் சொன்னபடியே எங்க தெரு முனை இஸ்திரி அண்ணனக் கேட்டேன். அவரு இப்ப கேஸ் இஸ்திரிப் பொட்டிக்கு மாறிட்டாரு, ஆனா பழைய கரி மண்டி எங்கன்னு தெரிஞ்சு வச்சிருந்தாரு. விறகுத் தொட்டிக்குப் பின்னாடி ஒரு இருட்டு கொடோன், வாசல்ல போர்டு கூட இல்ல. பார்பெக்யூ போடற ஓட்டல்காரங்க, டீ பாய்லர் வச்சிருக்கறவங்க, பழைய பொட்டிய விடாத இஸ்திரிக்காரங்க, இவங்கதான் கஸ்டமர். உலைக்குன்னு கேட்டதும் மண்டிக்காரரு ஒரு மாதிரி பாத்துட்டு "நெல்லிக்காய் சைஸ் உடைச்சிக்கணும் நீங்க, பெருசு வேலைக்காவாது"ன்னாரு. முன்னாடி அவருகிட்ட கொல்லருங்க வாங்கிட்டிருந்தாங்களாம். கிலோ 40 ரூபா சொல்லி 35க்கு வந்தாரு.

அந்தக் கரி பூரா சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுத்து லாரியில வர்றது. வெறகை அடுக்கி, தழை வைக்கோல் போட்டு, மண்ணு பூசி, உள்ள காத்து அதிகம் போகாம நாள்கணக்குல புழுங்க விடறதுதான் மூட்டம். நாலு அஞ்சு கிலோ விறகு போட்டா ஒரு கிலோ கரி தேறும். விறகையே உலையில போட்டா என்னன்னு ஆரம்பத்துல நானும் கேட்டேன். விறகுல இருக்கற தண்ணியையும் புகையையும் விரட்டறதுக்கே சூடு செலவாகும், கரியில அந்த வேலை காட்டுலயே முடிஞ்சிருக்கு, எடைக்கு எடை பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூடு. சீமைக்கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம், எரிபொருளுக்குன்னு இங்க கொண்டாந்து தூவினது, அது ஊரையே புடிச்சிக்கிச்சு. 2017ல மதுரை ஐகோர்ட்டே வெட்டி எடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. டெக்சாஸ்காரன் மெஸ்கீட்னு சொல்லி மாட்டுக்கறி சுடறானே, அது இதோட பங்காளிதான். இந்த மரத்தத் திட்டாத ஆள் தமிழ்நாட்டுல இல்ல, நானும் திட்டிருக்கேன். ஆனா உலைக்கு இதைவிட நல்ல கரி எனக்கு சென்னையில கெடைக்கல, கனமா, கெட்டியா, நின்னு எரியுது. காட்டு மரத்த வெட்டி வர்ற கரிய விட இது எரியறது எவ்வளவோ மேல்.

மரக்கரிக்கு காடு எவ்ளோ வேணுங்கறதுக்கு பரங்கிப்பேட்டை கதை ஒண்ணு போதும். 1830ல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரரு அங்க இரும்பு ஆலை ஆரம்பிச்சாரு, சேலம் பக்கத்து தாது, எரிக்க பூரா மரக்கரி. இரும்பு நல்ல தரம்தான். ஆனா கிட்ட இருக்கற காடு கரைய கரைய கரி தூரத்துல இருந்து வரவேண்டியதாச்சு, கம்பெனி கடன்ல முழுகிச்சு. எனக்கு ஒரு மூட்டைக்கே நாக்கு தள்ளுது.

நிலக்கரி ஏன் போடலன்னு சிலர் கேக்கறாங்க. முதல் காரணம் எங்கம்மா. அவங்க பொறந்த வீடு ராயபுரம். துறைமுகத்துல நிலக்கரி எறக்கின காலத்துல மாடியில துணி காயப்போட்டா எடுக்கும்போது கறுப்பு கோலம் போட்டிருக்கும், 2011ல ஐகோர்ட் தடை போட்டு அந்த வேலை எண்ணூருக்குப் போனதுக்கப்புறம்தான் எங்க பாட்டி ஜன்னலையே தொறந்தாங்க. "அந்தக் கருமத்த என் வீட்டுக்குள்ள கொண்டாந்த, நான் கெளம்பிடுவேன்"னு ஒரே பேச்சுல முடிச்சிட்டாங்க. ரெண்டாவது காரணம் டெக்னிக்கல். நம்ம நாட்டு நிலக்கரியில சாம்பல் ஜாஸ்தி, அது உருகி குழிக்கு அடியில கிட்டமா கெட்டியாயி காத்து வழிய அடைச்சிடும், கந்தகமும் இருக்கு, அது இரும்புக்குள்ள ஏறினா சூட்டுல அடிக்கும்போது வெடிப்பு விடும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி பக்கத்துலயே இருக்கேன்னு கேக்காதீங்க, அதுல பாதி தண்ணி. அம்பத்தூர் பக்கம் வார்ப்பட வேலைக்காரங்ககிட்ட கோக் (நிலக்கரியக் காத்தில்லாம சுட்டு எடுக்கறது) கெடைக்கும், ஒரு பை வாங்கிப் பாத்தேன். பயங்கர சூடு, ஆனா பத்தவைக்கவே மரக்கரி வேணும், காத்த நிறுத்தினா அஞ்சே நிமிசத்துல மூஞ்சத் தூக்கி வச்சிக்குது. நான் பட்டடையில யோசிச்சு யோசிச்சு அடிக்கிற ஆளு, எனக்கு சரிப்படல. நாள் பூரா கனமான இரும்பு அடிக்கறவங்களுக்கு அதுதான் நல்லது.

கொட்டாங்குச்சிக் கரி தனி ரகம். சட்டுனு புடிச்சிக்கும், சாம்பல் கம்மி, நல்ல சூடு, ஆனா மெல்லிசா இருக்கறதால போட்டது போட்டபடி கரைஞ்சிடும். பத்தவைக்க மட்டும் ஒரு கை போட்டுக்கறேன். எந்தக் கரியா இருந்தாலும் உடைச்சு சலிக்கணும், பவுடரோட கொட்டினா காத்து உள்ள போகாம மூச்சு முட்டி அணையும். சலிச்ச தூள நான் களிமண் பூச்சுல கலந்துடறேன், மிச்சம் அம்மாவோட செம்பருத்திக்குப் போகுது. அதுல மட்டும் அவங்களுக்கு ஆட்சேபணை இல்ல.

ஒரு மணி நேரத்துக்கு இப்ப எனக்கு ரெண்டரை கிலோ ஆகுது, முதல் நாளோட ஒப்பிட்டா கால்வாசி கூட இல்ல. பாதி மிச்சம் ரெண்டு பழக்கத்துல வந்துச்சு. உலையோட ஓரத்துல இருக்கற கரி மேல பழைய தொடப்பத்த நனைச்சு தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், நெருப்பு நடுவுல மட்டும் நிக்கும், ஓரம் சும்மா எரியாது. தாத்தா பட்டறையில அந்தத் தொடப்பத்தத் தொட்டா அடி விழும்னு அப்பா சொல்லுவாரு, எதுக்குன்னு அவருக்கும் தெரியாது. இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் எரியற கரிய வாரி மூடி போட்ட தகர டின்ல கொட்டி இறுக்கமா மூடிடறேன். காத்தில்லாம தானா அணையும், மறுநாள் சுலபமா புடிக்கும். டின்ன ஷெட்டுக்கு வெளிய, மண்ணு மேல வைங்க. அணைஞ்சிடுச்சுன்னு நெனச்சு சாக்குல கொட்டின ஒருத்தரோட கொட்டாய் என்ன ஆச்சுன்னு பெரியப்பா ஒரு கதை சொன்னாரு, அது வேணாம்.

ஹேர் ட்ரையர் ஒரு மாசத்துல உருகிடுச்சு, பொண்ணு இன்னும் மன்னிக்கல. பெரியப்பா துருத்தி செய்யலாம்னாரு, தோலுக்கு எங்க போறது, எண்ணெய் போட்டு பதமா வச்சிக்கிட்டே இருக்கணும், எலி வேற. ரோட்டோரம் வடநாட்டுக் குடும்பங்க தார்ப்பாய் கட்டி அருவா, கோடாலி அடிச்சு விக்கறாங்கள்ல, வண்டலூர் தாண்டி ஒரு எடத்துல வண்டிய நிறுத்திப் பாத்தேன். சைக்கிள் ரிம்மைக் கையால சுத்தினா பெல்ட் வழியா சின்ன ஃபேன் சுத்துது, சுத்தறது ஒரு பத்து வயசுப் பொண்ணு. பாக்க மனசு ஒரு மாதிரி ஆச்சு, ஆனா அந்த மெஷினுக்கு கையெடுத்துக் கும்பிடலாம். இரும்ப வெளிய எடுத்ததும் சுத்தறத நிறுத்திடறாங்க, கரி வீணாகறதே இல்ல. ட்ரையருக்கு அப்புறம் நான் மாட்டின மோட்டார் ப்ளோயர், நான் அடிச்சிக்கிட்டிருக்கும்போதும் சும்மா ஊதிக்கிட்டே கெடந்துச்சு. இப்ப பைப்புக்கு நடுவுல ஒரு தகட்டுக் கதவும், கால்ல மிதிக்கிற தையல் மெஷின் சுவிட்சும் வச்சிருக்கேன். மிதிச்சா ஊதும், எடுத்தா நிக்கும். நாலு மாசத்துல பெரியப்பா பாராட்டின ஒரே சாமான் அதுதான்.

அவசரத்துல ஒரு லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்ட உள்ள வச்சிட்டு போன் பாக்கப் போயிட்டேன். வந்து பாத்தா முனையில வெள்ளையா மத்தாப்பு. கார்பன் கூடின இரும்பு சாதா கம்பிய விட சீக்கிரமே எரிஞ்சிடும், எரிஞ்ச பாகம் திரும்ப வராது, வெட்டித்தான் போடணும். தண்ணி காட்டறதுக்கு, அதாவது பழுத்த இரும்ப சட்டுனு குளிரவச்சு கெட்டியாக்கறதுக்கு முன்னாடி சரியான சூடு வந்துச்சான்னு பாக்க நான் காந்தம் வச்சிருக்கேன், 770 டிகிரிகிட்ட இரும்பு காந்தத்துல ஒட்டறத விட்டுடும், அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தி எண்ணெயில எறக்கணும், பட்டைய தண்ணியில எறக்கினா கீறல் விடலாம். பெரியப்பா காந்தத்தப் பாத்துட்டு எம்மேல பரிதாபப்பட்டாரு. எக்மோர் மியூசியத்துல ஆதிச்சநல்லூர்ல தோண்டி எடுத்த இரும்பு சாமான் வச்சிருக்காங்க, துரு புடிச்ச வேல், வாள்னு. முன்னாடி அதைப் பாத்தா பழசுன்னு மட்டும் தோணும். போன மாசம் பொண்ணக் கூட்டிட்டுப் போனப்ப, இதுக்கு எத்தன மூட்டை கரி போயிருக்கும்னு கணக்கு போட்டுக்கிட்டு நின்னேன், அவ இழுத்துக்கிட்டு போயிட்டா.

கரிய எங்க வைக்கிறதுன்னு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல எங்க மனையில முழங்கால் தண்ணி. அப்ப உலை இல்ல, ஆனா கரியடுப்புக்கு அம்மா வச்சிருந்த ஒரு கரி மூட்டை பின்பக்கம் கெடந்துச்சு, காலையில பாத்தா அது கிணத்தச் சுத்தி மெதந்துக்கிட்டிருக்கு. மெதக்கும்னாலும் குடிக்கவும் குடிக்கும். நனைஞ்ச கரி பட்டு பட்டுனு வெடிச்சு முகத்துல தெறிக்கும், காயறதுக்கு வாரக்கணக்காகும். மழையே வேணாம், கார்த்திகை மாசத்து ஈரக்காத்து போதும், மூட்டை கனத்துடும். கனம் ஏறின மூட்டைய எடைபோட்டு வாங்கினா தண்ணிக்குக் காசு கொடுக்கறோம்னு அர்த்தம். இப்ப மூணடி ஒசரத்துல ஸ்லாப் போட்டு அதுக்கு மேலதான் அடுக்கறேன்.

இன்னும் சரியாகாதது புகைபோக்கி. நெருப்புக்கு மேல கூடை மாதிரி தகரம் கவுத்து ஆறு இஞ்ச் பைப் வச்சேன், சாயங்காலக் காத்து திரும்பினா எல்லாம் உள்ளயே வருது. மேல கவுக்கறதுக்கு பதிலா நெருப்புக்குப் பக்கத்துலயே வாய் வச்சு இழுக்கணும், பைப்பும் 12 இஞ்ச் வேணும். ஆறுக்கு ரெண்டு மடங்குன்னு தோணும், பரப்பு பாத்தா நாலு மடங்கு. கூரைக்கு மேல மூணடி ஏத்தி, பொறி பறக்காம வாயில வலை கட்டணும். பாரிமுனையில தகரக்கடையில விசாரிச்சேன், அவரு சொன்ன விலைக்கு பத்து மூட்டை கரி வாங்கலாம். அடுத்த மாசம் பாக்கலாம்னு வந்துட்டேன்.

நேத்து பெரியப்பா போன் பண்ணாரு. புகைபோக்கி பத்தி ஆரம்பிச்சேன், கேக்கவே இல்ல.

"கரி எத்தன மூட்டை இருக்கு?"

"ஒண்ணரை இருக்கு பெரியப்பா."

"ஐப்பசி வர்றதுக்குள்ள நாலு வாங்கிப் போட்டுடு. மழையில மூட்டம் போடமாட்டான், அப்புறம் அவன் சொல்றதுதான் வெலை."

சனிக்கிழமை மண்டிக்குப் போகணும்.